அறிவின் திறவுகோல் யார் கையில்?

திருச்சட்ட வல்லுநரை நோக்கி நம் ஆண்டவர் கூறிய கடிந்துரைகளுள் ஒன்று, இக்காலத்தில் வாழும் நாமும் ஆழ்ந்து எண்ணத் தக்கது. அறிவின் திறவுகோலை அவர்கள் தம் கையில் எடுத்துக்கொண்டனர். தாமும் உள்ளே செல்லவில்லை, செல்ல விரும்பியோரையும் தடுத்துவிட்டனர் என்று அவர் வருந்திக் கூறியதை லூக்கா நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். பொருளைப் பூட்டி வைத்துக்கொண்டு ஏழைக்கு இரங்காதிருப்பது குற்றம் என்பதை நாம் மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அறிவைப் பூட்டி வைப்பதும் அத்தகையதே என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. இத்திங்கள் அதனைக் குறித்துச் சிந்திப்போம்.

நம் பங்குகளில், பெற்றோர் கைநாட்டு வைத்த வீடுகளிலிருந்து பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்ற காலம் ஒன்று இருந்தது. அப்பிள்ளைகளின் மக்கள் இன்று முனைவர் பட்ட ஆய்வு வரை செல்கின்றனர். கடலோர ஊரில் பிறந்த பெண் மீன்வளத்தை ஆய்கிறாள். உழவர் இல்லத்து இளைஞன் நெற்பயிரின் நோயை ஆய்கிறான். கட்டணம், விடுதிச் செலவு, பயணச் செலவு ஆகியவற்றைப் பெற்றோர் அறிவர். கடன்பட்டேனும் அவற்றைச் செலுத்துகின்றனர். ஆயின் அவர்கள் கண்ணுக்குப் புலப்படாத ஒரு தடையும் உண்டு. ஆய்வு செய்வோர் அன்றாடம் படித்தாக வேண்டிய ஆய்விதழ்களின் விலையே அது.

ஆய்விதழ் என்பது யாது?

அறிஞர் ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டறிந்தால், அதனைக் கட்டுரையாக எழுதி, அத்துறைக்குரிய இதழுக்கு அனுப்புகிறார். அதே துறையில் வல்லவரான வேறு சிலர் அக்கட்டுரையைப் படித்துக் குறைகளைச் சுட்டுகின்றனர். தேறிய கட்டுரை மட்டுமே அச்சேறுகிறது. இம்முறையில் வெளிவரும் பருவ இதழே ஆய்விதழ். 1665-ஆம் ஆண்டில் பாரிசிலும் இலண்டனிலும் இத்தகைய இதழ்கள் முதன்முதல் தோன்றின. அன்று முதல் மருத்துவமாயினும் வேளாண்மையாயினும் வரலாறாயினும், புதிய அறிவு உலகிற்கு அறிவிக்கப்படும் வாயிலாக இவையே விளங்கி வருகின்றன. பாடநூலில் இருப்பது பல ஆண்டுகளுக்கு முன் முடிவான செய்தி. ஆய்விதழில் இருப்பது நேற்றுக் கண்டறிந்த செய்தி. ஆய்விதழைப் படிக்க இயலாத ஆய்வு மாணவன், பிறர் முன்னரே கண்டதைத் தானும் தேடிக் காலத்தை வீணாக்குவான்.

இவ்விதழ்களின் விலையில் ஒரு விந்தை உண்டு. வேறு பண்டமாயின், ஒரு கடையில் விலை மிகுதி எனில் அடுத்த கடைக்குச் செல்லலாம். ஆய்விதழில் அது நடவாது. ஒரு மருந்தைப் பற்றிய ஆய்வு ஓர் இதழில் வெளிவந்தால், அதற்கு ஈடாக வேறோர் இதழைப் படித்து அமைதல் இயலாது. ஆகவே பதிப்பகத்தார் கேட்கும் விலையை நூலகங்கள் கொடுத்தாக வேண்டியுள்ளது. மேலும், கட்டுரையை எழுதும் ஆய்வாளருக்குப் பதிப்பகம் ஊதியம் தருவதில்லை. அதனை மதிப்பிடும் அறிஞரும் பெரும்பாலும் ஊதியமின்றியே உழைக்கின்றனர். அவ்வாய்வுக்கான செலவோ பல வேளைகளில் மக்களின் வரிப்பணத்தினின்று வந்ததாகும். பதிப்பகத்தார் செய்யும் பணி ஒன்றுமில்லை என்று நாம் கூறவில்லை. இதழைத் தொகுப்பதும் செம்மை செய்து காப்பதும் தேவையான பணிகளே. ஆயினும் மக்கள் பணத்தில் விளைந்த அறிவை மக்களே மீண்டும் பெருவிலை கொடுத்து வாங்க நேர்வது முறையோ என்ற வினா எழாமற் போகாது.

இத்துன்பம் ஏழை நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. செல்வத்திற் சிறந்த அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகமே, ஆய்விதழ்ச் சில பதிப்பகங்களுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 37.5 இலட்சம் டாலர் செலுத்த வேண்டியுள்ளதென்றும், இந்நிலை தாங்கொணாதது என்றும் 2012-இல் தன் பேராசிரியர்களுக்கு அறிவித்தது. ஹார்வர்டுக்கே தாங்கொணாதது நம் மாவட்டக் கல்லூரிகளுக்கு எவ்வாறு இருக்கும்? நூலகத்தில் இல்லாத கட்டுரை ஒன்றைத் தனியாக விலை கொடுத்து வாங்க விரும்பினால், பல பதிப்பகங்கள் அந்த ஒரு கட்டுரைக்கே 30 டாலருக்கு மேல் கேட்கின்றன. ஓர் ஆய்வுக்கு இத்தகைய கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் தேவைப்படும்.

சேர்ந்து வாங்கும் மரபு

தனித்து வாங்க இயலாததைச் சேர்ந்து வாங்கலாம் என்பது நம் இல்லத்தரசிகள் நன்கறிந்த உண்மை. இம்மாத இதழின் ஒரு படி, ஒரே தெருவில் நான்கு வீடுகளுக்குச் சென்று படிக்கப்படுவதையும் நாம் அறிவோம். அறிவுலகிலும் இம்மரபு பழமையானதே.

1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் தமிழ் நூல் அச்சாயிற்று. இந்திய மொழி எழுத்தில் அச்சான நூல்களுள் இன்று நமக்குக் கிடைப்பனவற்றில் முதலாவது அதுவே. இயேசு சபையைச் சேர்ந்த அன்றீக்கு அடிகளார் அதனை உருவாக்கினார். அத்தமிழ் அச்சுப் பணிக்கு முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கப் பரதவ மக்கள் பொருளுதவி செய்தனர் என்பது வரலாறு. கடலில் மூழ்கிப் பிழைத்த மக்கள், தம் மொழியில் நூல் வர வேண்டும் என்று கூடிக் கொடுத்த பணம் அது. செல்வர் ஒருவர் தம் தனி நூலகத்திற்கென வாங்கியதன்று. ஒரு சமூகம் முழுமைக்கும் வாங்கியது.

இன்னொன்றும் உண்டு. 1907-ஆம் ஆண்டில், சென்னை மாகாணத்தில் துணை ஆட்சியராகப் பணியாற்றிய வி. இராமசுவாமி ஐயர் என்பார், கணிதத்தில் ஆர்வமுள்ள அன்பர் சிலரைச் சேர்த்து ஒரு கழகம் அமைத்தார். அதன் நோக்கம் மிக எளியது. வெளிநாட்டுக் கணித இதழ்களையும் நூல்களையும் தனி ஒருவர் வாங்குதல் அரிது. ஆதலின் உறுப்பினர் யாவரும் ஆண்டுச் சந்தா செலுத்துவது, வாங்கிய இதழ்களை அஞ்சல் வழியே ஒருவர்பின் ஒருவராகப் படித்துத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்தனர். பின்னர் இந்தியக் கணிதக் கழகம் என்று பெயர்பெற்ற அமைப்பு இதுவே. அக்கழகம் நடத்திய இதழில்தான் 1911-இல் கும்பகோணத்து இளைஞர் சீனிவாச இராமானுசனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. கூட்டுச் சந்தாவுக்கென்று தோன்றிய கழகம், பட்டம் பெறாத ஏழை இளைஞர் ஒருவரை உலகம் அறியச் செய்தது. பகிர்தல் எத்தகைய கனியைத் தரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

சீர்காழியில் 1892-இல் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய எஸ். ஆர். இரங்கநாதன் இக்கருத்தையே நூலக இயலின் அடித்தளமாக்கினார். நூல் காவல் காப்பதற்கு உரியதன்று, பயன்படுத்துவதற்கு உரியது என்பது 1931-இல் அவர் வெளியிட்ட நெறிகளின் சாரம். அவரது முயற்சியால் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துப் பெறப்பட்டு, அப்பணத்தால் ஊர்தோறும் நூலகங்கள் எழுந்தன. இதுவும் ஒரு கூட்டுச் சந்தாவே அன்றோ?

ஒரே நாடு, ஒரே சந்தா

கணினிக் காலத்தில் இதழ்கள் அஞ்சலில் வருவதில்லை, திரையில் வருகின்றன. ஒரு படியை ஒருவர் படிக்கும்போதே இலட்சம் பேரும் படிக்கலாம். இந்நிலையில் நூலகங்கள் ஒன்றுகூடிப் பதிப்பகத்தாரிடம் விலை பேசும் வழக்கம் உலகெங்கும் எழுந்தது. பிரேசில் நாடு 2000-இலும், உருகுவே 2009-இலும் தம் நாட்டு ஆய்வாளர்க்கென இத்தகைய பொது வாயில்களை அமைத்தன. எகிப்து 2016-இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, தன் நாட்டு எல்லைக்குள் வாழும் குடிமக்கள் யாவர்க்கும் அவ்வாயிலைத் திறந்துவிட்டது. நம் நாட்டிலும் வானியல் நூலகங்கள் 1981-லேயே தம்முள் பகிர்வு அமைப்பு ஒன்றை ஏற்படுத்திக்கொண்டன. பின்னர்ப் பல்வேறு அமைச்சகங்களின்கீழ்த் தனித்தனிக் கூட்டமைப்புகள் தோன்றின. எனினும் ஒரே இதழுக்கு அரசின் பல துறைகள் தனித்தனியே விலை கொடுக்கும் நிலை நீடித்தது.

இதனை மாற்றும் நோக்குடன், ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ என்னும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை, மத்திய, மாநில அரசுகளின் நிருவாகத்தில் உள்ள உயர்கல்வி நிலையங்களும் மத்திய அரசின் ஆய்வு நிலையங்களுமாக 6,300-க்கு மேற்பட்டவை பெறுவதற்கு வழி செய்யப்பட்டது. மாணவர், ஆசிரியர், ஆய்வாளர் என ஏறத்தாழ 1.8 கோடி பேர் இதனால் பயன்பெறுவர் என்று அரசு அறிவித்தது. காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்னெட் என்னும் நடுவம் இதனை ஒருங்கிணைக்கிறது. 2025 சனவரி முதல் நாள் இத்திட்டம் நடைமுறைக்கு வந்தது.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 2,000 கோடி ரூபாயை 1.8 கோடிப் பேருக்குப் பகிர்ந்தால், தலைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,100 ரூபாய் ஆகிறது. ஒரே ஒரு கட்டுரையைத் தனியே வாங்கும் விலையினும் இது குறைவு. பெருநகரத்து ஆய்வு நிலையம் படிக்கும் அதே மருத்துவ இதழை, சிற்றூரை அடுத்த அரசுக் கல்லூரி மாணவியும் அதே நாளில் படிக்கலாம். இது சிறிய நன்மையன்று. நன்றியோடு ஏற்கத் தக்க நன்மையே.

வாயிலுக்கு வெளியே நிற்பவர்

எனினும் நன்றியுணர்வு நம் கண்களை மறைத்துவிடலாகாது. 2020-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிடப்பட்ட அறிவியல் கொள்கை வரைவில் இக்கருத்து இடம்பெற்றபோது, நாட்டில் வாழும் ஒவ்வொருவரும் ஆய்விதழ்களைப் படிக்கலாம் என்பதே கனவாக இருந்தது. திட்டம் தொடங்கியபோதோ அரசு நிருவாகத்தில் உள்ள நிலையங்களுக்கே வாயில் திறந்தது. தனியார் நிருவாகத்தில் இயங்கும் கல்லூரிகள் அந்த வரையறைக்குள் வரவில்லை.

இது நம்மை நேரே தொடும் செய்தி. கத்தோலிக்கத் துறவு சபைகளும் மறைமாவட்டங்களும் நடத்தும் கல்லூரிகள் தனியார் நிருவாகத்தைச் சேர்ந்தவை. 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றிப் பின்னர்த் திருச்சிராப்பள்ளிக்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரி போன்றவை, சாதி சமய வேறுபாடின்றி ஏழை மாணவர்க்குக் கல்வி அளித்து வந்தவை. அங்குப் பயிலும் ஏழை மாணவியின் தந்தையும் அரசுக் கல்லூரி மாணவியின் தந்தையைப் போலவே வரி செலுத்துகிறார். சோப்புக்கு அவர் கொடுக்கும் விலையிலும் வரி இருக்கிறது. ஒரே பந்தியில் அமர்ந்த இருவருள் ஒருவருக்கு இலை போட்டு மற்றவருக்குப் போடாதிருப்பது எங்ஙனம் பொருந்தும்? நம் மறைப்பணி மருத்துவமனைகளில் பணிபுரியும் அருட்சகோதரிகளையும் எண்ணுவோம். சிற்றூரில் அரிய நோய் ஒன்றைக் காணும் மருத்துவச் சகோதரிக்கு, அந்நோய் பற்றிய புதிய கட்டுரை எட்டாக் கனியாக இருப்பின், இழப்பு அவருக்கன்று. கட்டிலில் கிடக்கும் நோயாளிக்கே.

வேறொரு குறையும் சுட்டப்படுகிறது. சந்தா என்பது வாடகை போன்றது. கொடுக்கும் வரையில்தான் வீடு நமது. ஆதலின் வாங்குவதோடு நில்லாமல், நம் நாட்டில் மக்கள் பணத்தால் நடக்கும் ஆய்வுகள் யாவர்க்கும் கட்டணமின்றிக் கிடைக்கச் செய்தல் வேண்டும் என்று அறிஞர் பலர் வலியுறுத்துகின்றனர். 2002-இல் புடாபெஸ்ட் நகரில் வெளியான அறிக்கை உலகளவில் இவ்வேண்டுகோளை விடுத்தது. அதற்கு முன்பே, 1998-இல் பிரேசிலில் தொடங்கிய சைலோ என்னும் அமைப்பு, தென் அமெரிக்க நாடுகளின் இதழ்களை யாவரும் கட்டணமின்றிப் படிக்கச் செய்தது. பிறரிடம் வாங்கிப் பகிர்வதும், நம்முடையதைத் திறந்து கொடுப்பதும் இரு கைகளைப் போன்றவை, ஒன்றுக்கொன்று பகையல்ல.

திருச்சபை கூறுவது யாது?

மண்ணுலகின் நலன்கள் யாவும் மாந்தர் யாவர்க்கும் உரியவை என்பது திருச்சபையின் நெடுநாளைய போதனை. 1991-இல் வெளியிட்ட ‘சென்டேசிமுஸ் அன்னுஸ்’ என்னும் சுற்றுமடலில், திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், முற்காலத்தில் நிலம் எத்தகைய சொத்தாக இருந்ததோ, இக்காலத்தில் அறிவும் தொழில்நுட்பமும் திறனும் அத்தகைய சொத்தாகியுள்ளன என்று எடுத்துரைத்தார். நிலமற்றவன் அன்று வாழ்வின் விளிம்பில் நின்றான்; அறிவுக்கு வழியற்றவன் இன்று அவ்வாறே நிற்கிறான். 2009-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் தம் ‘காரித்தாஸ் இன் வெரித்தாத்தே’ சுற்றுமடலில், செல்வ நாடுகள் அறிவுச் சொத்துரிமையை, சிறப்பாக மருத்துவத் துறையில், அளவுக்கு மிஞ்சிய கடுமையோடு காப்பதைக் குறை கூறினார். உழைத்தவனுக்கு உரிய ஊதியம் வேண்டும் என்பதைத் திருச்சபை மறுக்கவில்லை. உரிமை என்னும் வேலி, பசித்தவனை வெளியே நிறுத்தும் மதிலாக உயரலாகாது என்பதே அதன் அறிவுரை.

வேலி மிக உயரும்போது அதனைத் தாண்டிக் குதிப்போர் தோன்றுவர். உரிமையின்றிக் கட்டுரைகளை வழங்கும் இணையதளங்கள்மீது பதிப்பகத்தார் 2020-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது இத்தகைய நிலையின் விளைவே. பிறர் உடைமையை முறையின்றிக் கொள்ளுமாறு நம் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்க மாட்டோம். ஆயினும், நேர்வழியை எளிதாக்காமல் குறுக்கு வழியை மட்டும் கடிவது நீதியாகாது.

நாம் செய்யத் தக்கவை

முதலாவது: பிள்ளைகள் அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ பயின்றால், இத்திட்டத்தில் தம் கல்லூரி சேர்ந்துள்ளதா, எவ்வாறு பதிவு செய்வது என்று நூலகரிடம் கேட்டறியச் சொல்லுங்கள். கையில் திறவுகோல் இருந்தும் அதனை அறியாதிருப்போர் பலர். நிலத்தில் புதைத்த தாலந்தால் யாருக்கும் பயனில்லை.

இரண்டாவது: நம் கல்லூரிகளில் பயிலும் பிள்ளைகள் மனம் தளர வேண்டியதில்லை. அரசு உதவிபெறும் கல்லூரிகளும் சிறு கட்டணத்தில் பயன்பெறுமாறு 2010-இல் என்-லிஸ்ட் என்னும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. தம் கல்லூரிக்கு அதில் என்னென்ன கிடைக்கின்றன என்று விசாரிக்கலாம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் தொகுத்து வழங்கும் ‘சோத்கங்கா’, மருத்துவக் கட்டுரைகளுக்குரிய ‘பப்மெட் சென்ட்ரல்’, இயற்பியல், கணிதக் கட்டுரைகளுக்குரிய ‘ஆர்க்கைவ்’ ஆகியவை யாவர்க்கும் கட்டணமின்றித் திறந்துள்ளன. கட்டுரை ஆசிரியருக்கே பணிவோடு கடிதம் எழுதி ஒரு படி கேட்பதும் அறிவுலகில் வழங்கும் நன்முறையே; பலர் மகிழ்ந்து அனுப்புவர்.

மூன்றாவது: நம் கல்லூரி நிருவாகத்தினரும் மருத்துவமனை நடத்தும் சபைகளும் ஒன்றுகூடி எண்ணுதல் நலம். 1943-இல் மருத்துவச் சகோதரி மேரி குளோரி, தனித்தனியே இயங்கிய கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒரே சங்கமாக இணைத்தார். அதே மனம் நூலகங்களுக்கும் வேண்டும். ஒரே நகரில் அருகருகே இருக்கும் நம் கல்லூரிகள், ஒன்றன் நூலகத்தை மற்றதன் மாணவர்க்குத் திறந்துவிடுவதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. நாம் நம்முள் பகிராமல், அரசு நமக்குப் பகிரவில்லை என்று முறையிடுவது எவ்வாறு தகும்?

நான்காவது: தனியார் கல்லூரி மாணவரையும் பொது நூலக வாசகரையும் இத்திட்டத்தில் சேர்க்குமாறு, நம் மக்கள் பிரதிநிதிகளுக்கு எழுதுவோம். இது சலுகை கேட்பதன்று. நாம் செலுத்தும் வரிக்கும், நம் பிள்ளைகளின் உழைப்புக்கும் உரிய நீதியைக் கேட்பது. நம் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, எல்லாச் சமயத்து ஏழைப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே கேட்போம்.

தொடக்கத் திருச்சபையின் மக்கள் தமக்குள்ளவற்றைப் பொதுவில் வைத்துத் தேவைக்கேற்பப் பகிர்ந்தனர் என்று திருத்தூதர் பணிகள் நூல் சான்று பகர்கிறது. அப்பத்தைப் பகிர்ந்தால் கையிலிருப்பது குறையும். அன்பு அதனை நிறைவு செய்யும். அறிவைப் பகிர்ந்தாலோ கொடுத்தவனிடத்தில் சிறிதும் குறைவதில்லை. குறையாத ஒன்றைக் கொடுக்கவும் நாம் தயங்குவோமாயின், குறையும் பொருள்களைக் கொடுக்க எப்பொழுது கற்போம்? திறவுகோலைக் கையில் வைத்திருப்போர் கதவைத் திறப்பாராக. உள்ளே சென்றோர் பின்வருவோர்க்காக அதனைத் திறந்தே வைப்பாராக.